பர்ச்சஸின் மூன்று யாத்திரைகள்: எதை முதலில் எடுப்பது?

பயணக் கதைகளைத் தொகுத்த பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார் சாமுவேல் பர்ச்சஸ் எழுதிய மூன்று புத்தகங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். 1613-ல் 'பர்ச்சஸ் ஹிஸ் பில்கிரிமேஜ்', 1619-ல் 'பர்ச்சஸ் ஹிஸ் பில்கிரிம்', 1625-ல் 'பர்ச்சஸ் ஹிஸ் பில்கிரிம்ஸ்'. அதாவது யாத்திரை, யாத்ரீகன், யாத்ரீகர்கள். ஒன்றைத் தேடப்போய் இன்னொன்றை எடுத்துவிடுவது ரொம்ப சுலபம், ஆனால் மூன்றும் மூன்று விதம்.

நடுவில் வந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அதில் பயணமே கிடையாது. மனிதனையே ஒரு குட்டி உலகமாக வைத்து ஒரு பாதிரியார் செய்யும் நீண்ட தியானம் அது. பிரசங்க நடை பிடித்தவர்கள் மட்டும் எடுக்கலாம்.

போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். 1613 'யாத்திரை' ஒரே தொகுதி. உலகப் படைப்பில் தொடங்கி, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று ஒவ்வொரு நாட்டின் மதத்தையும் வழக்கங்களையும் பர்ச்சஸே தன் குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். பிறந்த ஊரான எசெக்ஸ் தாக்ஸ்டெட்டிலிருந்து 200 மைல்கூடத் தாண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டவர்! எல்லாம் படித்ததும் கேட்டதும்தான். போப்பின் சபையை அவருக்கு அறவே பிடிக்காது, ஆனால் இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் நின்றிருக்காது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் தன் 'குப்ளா கான்' கவிதைக்கு முன்னால் படித்துக்கொண்டிருந்ததும் இந்த 'யாத்திரை'தான். 1625 தொகுப்பு என்று நினைப்பது தவறு. நம் பக்கத்து வாசகர்கள் 1626-ன் நான்காம் பதிப்பைத் தேடுவது நல்லது, மசூலிப்பட்டினத்தில் வணிகம் பார்த்த வில்லியம் மெத்வோல்டின் கோல்கொண்டா விவரணை அதில்தான் சேர்ந்தது.

1625 'யாத்ரீகர்கள்' நான்கு பெரிய தொகுதிகள். பர்ச்சஸுக்கு முன்பே ஆங்கிலேயரின் கடற்பயணங்களைத் தொகுத்து 1616-ல் இறந்த ஹக்லூயிட்டின் கையெழுத்துப் பிரதிகள் பர்ச்சஸ் கைக்கு வந்தபின் உருவான தொகுப்பு இது. இந்தியாவுக்கு வந்த ரால்ஃப் ஃபிட்ச், தாமஸ் ரோ, பெர்முடாவில் கப்பல் உடைந்து தப்பிய ஸ்ட்ரேச்சி என்று போனவர்களே பேசுகிறார்கள். மெக்சிகோவின் மெண்டோசா ஓவியச் சுவடியை மரக்கட்டை அச்சில் போட்டதும் இங்கேதான்.

வித்தியாசம் புரிய ஆண்ட்ரூ பேட்டல் ஒருவர் போதும். பர்ச்சஸ் ஈஸ்ட்வுட்டில் பாதிரியாராக இருந்தபோது பக்கத்து லீ துறைமுகத்தில் வசித்த மாலுமி. அங்கோலாவில் போர்ச்சுகீசியரிடம் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்து திரும்பியவர். 'யாத்திரை'யில் அவர் சொன்னவை ஆப்பிரிக்கா பற்றிய மற்ற ஆசிரியர்களோடு கரைந்து, ஒரு சாட்சியாக மட்டும் எட்டிப் பார்க்கின்றன. 'யாத்ரீகர்கள்' நூலில் அதே மனிதர் 'நான்' என்று முழுக்கதையையும் சொல்கிறார், ஓரக்குறிப்பில் பர்ச்சஸ், அவர் தன்னிடம் நேரில் பேசியபோது சொன்னது என்று, போங்கோ என்ற பெருங்குரங்கு ஒரு சிறுவனைத் தூக்கிப்போய் ஒரு மாதம் வைத்திருந்ததைச் சேர்க்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது காதில் விழுகிறது. எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே 1625 தான் மேல்.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. பர்ச்சஸ் தாராளமாக வெட்டுவார். ஆங்கில மாலுமி வில்லியம் பாஃபின் 1616-ல் கிரீன்லாந்துக்கு மேற்கே உள்ள பெரிய விரிகுடாவைச் சுற்றிவந்து வரைந்த வரைபடத்தையும் அட்டவணைகளையும், செலவு அதிகம், தொல்லை என்று விட்டுவிட்டார். அவை தொலைந்தே போயின. பின்னாளில் அப்படி ஒரு விரிகுடா உண்டா என்றே சந்தேகப்பட்டார்கள். 1818-ல் ஜான் ராஸ் போய்ப் பார்த்த பிறகுதான் பாஃபின் சொன்னது உண்மை என்று ஆனது. 'யாத்திரை'யில் இந்த வருத்தம் வராது, அங்கே பர்ச்சஸ் தன் சொந்தப் புத்தகத்தை எழுதுகிறார், யாருடைய மூலத்தையும் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி, படிக்க உட்காருகிறவர்கள் 1905-07-ல் கிளாஸ்கோவில் 20 தொகுதிகளாக வந்த 'யாத்ரீகர்கள்' மறுபதிப்பை எடுத்து பேட்டலில் தொடங்குங்கள். அப்புறம் 'யாத்திரை'யின் ஆப்பிரிக்கப் பகுதியைப் பக்கத்தில் விரித்து வையுங்கள்.