ஆங்கில இயைபுச் சொல் தேடல்: யாருடைய காதை நம்புவது?

தமிழிலும் மலாயிலும் எழுத்தைப் பார்த்தாலே இயைபு (கடைசி ஓசை ஒத்து முடிவது, ஆங்கிலத்தில் ரைம்) தெரிந்துவிடும். பந்துன் என்ற மலாய் நாலடிப் பாட்டில் முதலடியும் மூன்றாமடியும் ஒத்து முடிவதைக் கண்ணே சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அங்கேதான் சறுக்குகிறது. ஓ-யு-ஜி-எச் என்று முடியும் ஐந்து சொற்களைப் பாருங்கள்: காஃப் (இருமல்), பௌ (மரக்கிளை), தோ (ஆனாலும்), த்ரூ (ஊடாக), ரஃப் (கரடுமுரடு). ஒன்றுக்கொன்று இயையவே இயையாது. லைட் (வெளிச்சம்), ஹைட் (உயரம்), கைட் (பட்டம்) மூன்றுக்கும் எழுத்து வேறு வேறு, ஓசை ஒன்று.

விதி சின்னதுதான். அழுத்தம் விழும், அதாவது ஓங்கி ஒலிக்கும், உயிரிலிருந்து சொல் முடியும்வரை ஓசை ஒத்திருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் வரும் மெய் மாற வேண்டும். நம் இயைபுத் தொடைக்கு இது பக்கத்து வீடு. அழுத்தம் என்பதுதான் நம் காதுக்குப் புதிது. பிகின் என்ற சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் அது வின்னோடு இயையும். ராபின் பறவையின் பெயரில் அழுத்தம் முதலசையில் இருப்பதால் அது வின்னோடு சரியாக இயையாது.

முதல் வழி, எந்தக் கருவியும் இல்லாமல் மெய்யெழுத்துகளை ஓட்டிப் பார்ப்பது. லைட் என்றால் ‘ஐட்’ என்ற வாலை வைத்துக்கொண்டு பி, சி, டி, எஃப் என்று வரிசையாக முன்னால் ஒட்டுங்கள்: பைட், ஃபைட், கைட், மைட், நைட், ரைட், சைட், டைட், வைட். அடுத்த சுற்று கூட்டுமெய்கள்: ப்ளைட், ப்ரைட், ஃப்ளைட், ஃப்ரைட், ஸ்லைட், ஸ்பைட். மூன்றாம் சுற்று ஸ்ட்ர, ஸ்ப்ர, ஸ்க்ர. இதில் ஸ்ப்ரைட் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் பதினைந்துக்குமேல் தேறும். ஓட்டும்போது தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள். பேட் என்று எழுதினால் அது மட்டையா, கெட்டதா என்று தெரியாது. இறுதியில் வருவது டகரமா, அதன் மென்மையான இணையா என்பதை நம் எழுத்து காட்டாது. தாளில் இயைந்தது வாயில் இயையாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இயைபுச் சொல் தேடித் தரும் ரைம்ஸோன் இணையதளம் இதைவிட வேகம். சொல்லைத் தட்டினால் ஓரசை, ஈரசை, மூவசை என்று பிரித்துக் கொட்டும். கிட்டத்தட்ட இயைபவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பாட்டெழுதுவோருக்கு இந்த அசைப் பிரிப்பே பெரிய உதவி, மெட்டுக்கு எத்தனை அசை இடம் என்று தெரிந்தால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை. குறை எங்கே? அது அமெரிக்கக் காதோடு கேட்கிறது. இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு அடித்தளமான கார்னகி மெலன் பல்கலைக்கழக உச்சரிப்பு அகராதியில் 1,34,000-க்கு மேற்பட்ட சொற்கள், 39 ஒலிகள். எல்லாம் வட அமெரிக்க உச்சரிப்பு. அதனால் கதவைக் குறிக்கும் டோரும் ரம்பத்தைக் குறிக்கும் சோவும் அங்கே முழு இயைபாக வராது, கடைசி ரகரத்தை அமெரிக்கர் விடாமல் ஒலிப்பார்கள். பிரிட்டிஷ் வாயிலும் நம் ஊர் வாயிலும் அவை அழகாக இயையும். கிளார்க் நமக்குப் பார்க்கோடு சேரும். அங்கே வொர்க்கோடு சேரும். பாலர் பள்ளி அகரவரிசைப் பாட்டு நினைவிருக்கிறதா? கடைசி எழுத்தை ‘ஸீ’ என்று பாடினால்தான் ‘மீ’யோடு இயைகிறது, வகுப்பில் நாம் சொல்லித் தருவதோ ‘ஸெட்’. மலேசியப் பாடத்திட்டம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டது என்பதால், பள்ளிப் பயிற்சிக்கு இத்தளத்தின் பட்டியலை அப்படியே அச்சடித்துக் கொடுப்பது ஆபத்து.

இணைய அகராதியான விக்சனரியின் இயைபுப் பக்கங்கள் இதற்கு நல்ல மாற்று. அங்கே சொற்கள் ஒலிக்குறியீட்டின்படி தொகுக்கப்பட்டிருக்கின்றன. சொல்லைத் தட்டினால் பொருள், பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு தனித்தனியே வரும். தன்னார்வலர் வேலை என்பதால் பட்டியலில் ஓட்டைகள் இருக்கும். தேட ஒன்று, சரிபார்க்க ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

அச்சு இயைபு அகராதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு சௌரஸ்தா சந்தை மாடியின் பழைய புத்தகக் கடைகளில் கையில் சிக்கினால், வாங்குமுன் அது ஒலிவரிசையா எழுத்துவரிசையா என்று திறந்து பாருங்கள். ஜான் வாக்கர் 1775-இல் வெளியிட்ட அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. அந்த வகையில் காஃபும் பௌவும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவற்றில் பொருளும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளின் பலம் வேறு. ‘எட்டு வயதுப் பிள்ளைக்கு, பிரிட்டிஷ் உச்சரிப்பில், ஓரசையில் பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரிப் பொருள்’ என்று கேட்டால் தரும். எந்த அகராதியும் இப்படி வடிகட்டித் தராது. ஆனால் அவை கேட்பதில்லை, எழுத்துத் துண்டுகளைத்தான் கையாளுகின்றன. ஸ்டோனுக்கு ஹோமைத் துணைக்கு அனுப்பும். வெயிட் (எடை), ஹைட் (உயரம்) இரண்டும் ஒரே எழுத்துகளில் முடிவதால் சில நேரம் ஜோடி சேர்த்துவிடும். வெயிட் சேர வேண்டியது லேட்டோடு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கவும் முடியாது, பொருள் மாறினால் இயைபே மாறும். டி-இ-ஏ-ஆர் கண்ணீரானால் ஹியரோடு இயையும், கிழிப்பதானால் கரடியைக் குறிக்கும் பேரோடு. பி-ஓ-டபிள்யூ வில்லானால் கோவோடு, வணங்குவதானால் பசுவைக் குறிக்கும் கௌவோடு. யூஸ் பெயர்ச்சொல்லாக நின்றால் கூஸ் (வாத்து), வினையாக நின்றால் நியூஸ். தமிழ் எழுத்தில் வேறுபாடு மறைந்துவிடும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் இருவகை உச்சரிப்பையும் கேட்கலாம், ஆங்கிலம்–தமிழ்ப் பகுதியும் உண்டு. சொல்லின் வகையை, பெயரா வினையா என்று பார்த்த பிறகே ஒலிப் பொத்தானைத் தட்டுங்கள். 1960-களில் வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் ஆழமானது, ஆனால் அதன் தமிழ் பிள்ளைகளுக்குக் கனம்.

பாட்டு, ராப் எழுதுவோர் கதை வேறு. கோலாலம்பூர் மேடையில் டீத்தும் ஷீட்டும் இயைந்துவிடும். நம் வாயில் பல ‘த்’ ஓசைகள் ‘ட்’ ஆகிவிடுகின்றன. படுக்கையைக் குறிக்கும் பெட்டும் சோகத்தைக் குறிக்கும் ஸேடும் நெருங்கிவிடும். நிறைவைக் குறிக்கும் ஃபுல்லும் குளத்தைக் குறிக்கும் பூலும் நீளம் இழந்து ஒட்டிக்கொள்ளும். தேர்வுத் தாளில் இவை தவறு. மேடையில் பாடுபவர் வாய்தான் நீதிபதி. அங்கே எந்தக் கருவியும் தராத ஒரு வகையும் உண்டு, மொழி தாண்டிய இயைபு: ‘போ’வுக்கு கோ, ஷோ, நோ, ‘நீ’க்கு ஃப்ரீ, ஸீ. பிரிட்டிஷ் வாயில் கோவின் ஓகாரம் வளைந்து ‘ஓவ்’ என்று முடியும். நம் ஊர் ஓகாரம் நேராக நிற்பதால்தான் ‘போ’ அதன்மேல் பிசிறில்லாமல் உட்காருகிறது.