ராய் ஜோன்ஸ் எப்போது சரிந்தார்? பாக்ஸ்ரெக்கும் கம்ப்யூபாக்ஸும் எவ்வளவு கைகொடுக்கும்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸ் ஜூனியரின் உச்சகாலம் எப்போது முடிந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் தேதி 2004 மே 15. அன்று லாஸ் வேகாஸின் மாண்டலே பே அரங்கில், இரண்டாவது ரவுண்டிலேயே அன்டோனியோ டார்வரின் இடது கை அவரைச் சாய்த்தது. தொழில்முறைக் களத்தில் இறங்கி 15 ஆண்டுகள் ஆகியும் யாராலும் நாக்அவுட் செய்ய முடியாத மனிதர் மல்லாந்து கிடந்தார். பார்த்தவர் மனதில் பதிந்துபோன காட்சி, அதனால் தேதியும் பதிந்துவிட்டது. ஆனால் அது தாமதமான தேதி என்பதுதான் இங்கே நமது கட்சி. அதை நிறுவ ரசிகர்கள் வழக்கமாகக் கையில் எடுக்கும் கருவிகள் இரண்டு: பாக்ஸ்ரெக் தளம், கம்ப்யூபாக்ஸ் குத்துக் கணக்கு. இந்த வாதத்தில் இரண்டும் எங்கே உதவுகின்றன, எங்கே காலை வாரிவிடுகின்றன என்று ஜோன்ஸை வைத்தே பார்த்துவிடலாம்.

பாக்ஸ்ரெக் இங்கிலாந்தில் ஜான் ஷெப்பர்ட் தொடங்கிய இலவசத் தளம். வீரரின் பெயரைத் தேடினால் பிறந்த தேதி, உயரம், கை நீளம், நிற்கும் நிலை எல்லாம் மேலே இருக்கும். கீழே ஆட்டங்களின் பட்டியல், புதியது முதலில். உச்சகாலம் பற்றிப் பேசுவதென்றால் அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தேதி, எதிராளி, அந்த நாளில் எதிராளியின் வெற்றி தோல்வி சமன் எண்ணிக்கை, அவரது கடைசி சில ஆட்டங்களின் நிலை, இடம், முடிவு. நடுவர்களின் புள்ளிகளும் எடையும் வேண்டுமென்றால் அந்த ஆட்டத்தின் தனிப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போவதே இல்லை. வாதத்துக்கு வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பட்டியலை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2003 நவம்பர் 8, டார்வருடன் முதல் ஆட்டம்: வெற்றி, பெரும்பான்மைத் தீர்ப்பு. அதோடு ஜோன்ஸின் கணக்கு 49 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரே தோல்வியும் 1997-இல் மான்டெல் கிரிஃபின் கீழே இருக்கும்போது அடித்ததற்காகத் தகுதிநீக்கம். நான்கே மாதத்தில், மறு ஆட்டத்தின் முதல் ரவுண்டிலேயே கிரிஃபினை முடித்துவிட்டார். ஆக, பட்டியலின்படி 2003 இறுதிவரை ஒரு கீறல் இல்லை. இனி டார்வர் ஆட்டத்தின் தனிப் பக்கத்தைத் திறங்கள். ஒரு நடுவர் 114-114 என்று சமன் போட்டிருக்கிறார். மற்ற இருவர் 117-111, 116-112. எடை 175 பவுண்டு. அதற்கு முந்தைய ஆட்டமான 2003 மார்ச் 1, ஜான் ரூயிஸ் ஆட்டத்தின் பக்கத்தில் ஜோன்ஸின் எடை 193, ரூயிஸுக்கு 226. எட்டு மாதத்தில் 18 பவுண்டு இறங்கியிருக்கிறார். வயது 34.

இந்த 18 பவுண்டைச் சாதாரண எடைக் குறைப்பாக நினைக்கக் கூடாது. எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் வீரர்கள் இறக்குவது பெரும்பாலும் தண்ணீர். எடை பார்த்த பிறகு குடித்தும் சாப்பிட்டும் அதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ரூயிஸுடனான ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப்பிரிவு) ஆட்டத்துக்காக வேலை செய்து ஏற்றிய தசை அப்படி இல்லை. அதைக் கரைக்க மாதக்கணக்கில் கலோரியைக் குறைத்து உடலைப் பட்டினி போட வேண்டும். ஏற்றிய தசை மட்டும் தனியாகப் பிரிந்து போகாது, காலின் துள்ளலையும் சேர்த்தே கொண்டுபோகும். 25 வயதில் செய்தால் திரும்பக் கிடைக்கலாம், 34-இல் கடினம். பாக்ஸ்ரெக் தருவது தராசில் ஏறிய எடை மட்டும். அந்த எடைக்கு எப்படி வந்தார், ஆட்ட இரவில் எவ்வளவு இருந்தார் என்பது அதில் இருக்காது. இதே ஓட்டை மறுபக்கமும் வேலை செய்யும். 1994 நவம்பர் 18-இல் 44 வெற்றி, 2 சமன், தோல்வியே இல்லாமல் வந்த ஜேம்ஸ் டோனியை ஜோன்ஸ் வென்றதே அவரது சிகரம் என்போர் உண்டு. எடையை இறக்க டோனி எவ்வளவு வாடினார் என்பது அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணாகக்கூட இல்லை.

எதிராளியின் எண்ணிக்கையை நம்புவதுதான் அடுத்த பெரிய தவறு. 2002 பிப்ரவரியில் வந்த கிளென் கெல்லிக்குத் தோல்வியே இல்லை. இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்று, அங்கிருந்தே கையை வீசி ஏழாவது ரவுண்டில் அவரை ஜோன்ஸ் முடித்தார். 2004 செப்டம்பர் 25-இல் வந்த கிளென் ஜான்சனுக்கோ 9 தோல்விகள். எண்ணை மட்டும் பார்த்தால் கெல்லிதான் ஆபத்தானவர். உண்மை தலைகீழ். ஜான்சன் முதல் 32 ஆட்டங்களில் தோற்காதவர். முதல் தோல்வி 1997-இல், அதுவும் அப்போதைய சாம்பியன் பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம். அதன் பிறகு பலமுறை எதிராளியின் ஊருக்கே போய்ப் புள்ளிக்கணக்கில் தோற்றவர். எதிராளியின் பெயரையும் ஒருமுறை சொடுக்கி, அவர் யாரிடம், எந்த ஊரில் தோற்றார் என்று பார்க்காமல் வாதத்தில் இறங்காதீர்கள். தளம் கொடுக்கும் தரவரிசைப் புள்ளிகளையும் இந்த விஷயத்தில் ஒதுக்கிவிடலாம். அது கணினி போடும் கணக்கு, வெற்றி தோல்வியை எடைபோடும். காலின் வேகம் அதற்குத் தெரியாது.

கம்ப்யூபாக்ஸ் 1985-இல் தொடங்கியது, தொலைக்காட்சிகளுக்கு விற்கப்படும் சேவை. ரிங்குக்கு அருகே இருவர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வீரரை மட்டும் கவனிப்பார்கள். விசை நான்கு: பட்ட ஜாப், படாத ஜாப், பட்ட பவர் குத்து, படாத பவர் குத்து. ஜாப் என்பது முன்கையால் நேராக விடும் குத்து. ஜாப் அல்லாத எல்லாமே பவர் குத்துக் கணக்கில்தான் போகும், அது உரசிப்போன ஹூக்காக (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) இருந்தாலும் சரி. ஒரு ஆளின் கண், ஒரு பக்கத்திலிருந்து. அவர் கண்ணுக்கு மறுபுறத்தில் விழும் குத்து கையுறையில் பட்டதா கன்னத்தில் பட்டதா என்பதில் பிசகு வரத்தான் செய்யும். ஆகவே இரண்டு மூன்று குத்து வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது.

ஆனாலும் இந்த வாதத்துக்கு இதைவிட நல்ல எண் கிடையாது. ஒரு நிபந்தனை: வீரர் எத்தனை குத்து விட்டார் என்பதைப் பார்க்காமல், அவர் எத்தனை வாங்கினார் என்பதைப் பாருங்கள். பெரிய வீரரிடம் கைவேகம் கடைசிவரை மிஞ்சும். முதலில் போவது அடியிலிருந்து விலகும் திறன். 1995 ஜூன் 24, அட்லாண்டிக் சிட்டியில் வின்னி பஸியென்ஸாவுடன் நடந்த ஆட்டத்தின் 4-வது ரவுண்டில் ஜோன்ஸ் மீது பட்ட குத்து பூஜ்யம். ஒரு முழு ரவுண்டில் ஒன்றுகூட வாங்காத வீரரை கம்ப்யூபாக்ஸ் பதிவு செய்தது அதுவே முதல்முறை. 2008 நவம்பரில் ஜோ கால்சாகி ஜோன்ஸ் மீது 344 குத்து இறக்கினார். இரண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் நியாயமில்லை, கால்சாகி யாரைப் பார்த்தாலும் மழையாகக் கொட்டுகிறவர். ஒரே மாதிரி எதிராளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஜோன்ஸ் விஷயத்தில் அதற்கு ஒரு வழி கிடைக்கிறது: சவுத்பாக்கள், அதாவது வலது கையையும் வலது காலையும் முன்னே வைத்து நிற்பவர்கள். பாக்ஸ்ரெக்கின் நிலைக் குறிப்பைக் கொண்டு இவர்களைத் தனியே பிரித்துவிடலாம்.

1998 ஜூலை 18, லூ டெல் வால்லே. சவுத்பா. 8-வது ரவுண்டில் இடது கையால் ஜோன்ஸை வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையில் உட்கார வைத்தார். பட்டியல் வரியில் வெறும் ஒருமனத் தீர்ப்பு வெற்றி என்றுதான் இருக்கும். 2000 செப்டம்பர், எரிக் ஹார்டிங். சவுத்பா. கை காயத்தால் 10 ரவுண்டோடு நிறுத்திக்கொண்டார். அதுவரை ஜோன்ஸுக்குச் சுலபமாக இல்லை. பிறகு 2003 நவம்பர், டார்வர். ஆக, சவுத்பாவின் இடது கைக்கு ஜோன்ஸின் கதவு சரிவுக்கு முன்பே திறந்துதான் இருந்தது. டெல் வால்லேயால் ஒருமுறை நுழைய முடிந்தது. உடனே எழுந்த ஜோன்ஸ் மீதி ரவுண்டுகளைத் தன் வசம் வைத்துக்கொண்டார். டார்வர் முதல் ஆட்டத்தில் ரவுண்டுக்கு ரவுண்டு நுழைந்தார்.

இதை உறுதி செய்ய எண் போதாது, காட்சி வேண்டும். 1994 டோனி ஆட்டத்தின் 3-வது ரவுண்டையும் 2003 டார்வர் ஆட்டத்தின் நடு ரவுண்டுகளையும் வர்ணனையை அணைத்துவிட்டு, பாதி வேகத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் சில பதிவுகளின் வேகமே மாறியிருக்கும். ரவுண்டின் நீளம் சரியாக 3 நிமிடம் வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். டோனி ஆட்டத்தில் ஜோன்ஸ் இரு கைகளையும் தொங்கவிட்டு, சண்டைக்கோழி போலத் தலையை நீட்டி ஆட்டம் காட்டுகிறார். டோனியும் பதிலுக்குக் கையைத் தாழ்த்துகிறார். அந்த நொடியில் ஜோன்ஸின் இரு பாதங்களும் ஒன்றாகப் பாய, இடது ஹூக் போய் விழுகிறது. டோனி கயிற்றில் சரிகிறார். கவனிக்க வேண்டியது கையை அல்ல, இந்தப் பாய்ச்சலை. அவ்வளவு தூரம் பாய்ந்தவர் அடுத்த நொடி எதிராளிக்கு எட்டாத இடத்தில் இருப்பார். 2003-இல் கை அதே வேகத்தில்தான் போகிறது. பாதம் மட்டும் அடித்த இடத்திலேயே நிற்கிறது. விலக முடியாததால் கயிற்றில் சாய்ந்து, கையுறைக்குள் முகத்தை வைத்துக் காத்திருக்கிறார். இளமையில் கயிற்றுக்குப் போனது எதிராளியை இழுக்க, இப்போது ஓய்வெடுக்க.

எனவே சரிவின் கோடு 2003 மார்ச்சுக்கும் நவம்பருக்கும் நடுவில் விழுகிறது. ரூயிஸ் ஆட்டத்தையே உச்சம் என்பதும் சரியல்ல. 1897-இல் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்குப் பிறகு முன்னாள் மிடில்வெயிட் (நடுத்தர எடைப்பிரிவு) சாம்பியன் ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் வென்றது அதுதான், வரலாறு வரலாறுதான். ஆனால் ரூயிஸ் மெதுவானவர். குறைந்துவரும் காலைச் சோதிக்க அவரால் முடியாது. உச்சம் என்று கேட்டால் 1994 டோனி முதல் 1998 ஏப்ரலில் வர்ஜில் ஹில்லை விலாவில் ஒரே வலது கையால் வீழ்த்தியது வரை என்று சொல்வேன். அதன்பின் ஐந்தாண்டு, தேர்ந்த எதிராளிகள் குறைவாக இருந்ததால் தேய்மானம் வெளியே தெரியவில்லை.

2004 மே ஆட்டத்தைக் குருட்டு அடி என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜான்சன் ஆட்டத்தின் பக்கத்தைக் காட்டுங்கள். 9-வது ரவுண்டில் ஜோன்ஸ் விழும்வரை மூன்று நடுவர் கணக்கிலும் ஜான்சனே முன்னால். ஒரே குத்தில் வந்த தோல்வி அல்ல அது, எட்டு ரவுண்டும் கயிற்றோரம் தேய்ந்து வந்தது.

ஏன் இவ்வளவு வேகமாகச் சரிந்தார் என்பதற்கு ஹாப்கின்ஸின் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைப்பது நல்லது. 1993 மே மாதம் மூன்று நடுவர்களும் 116-112 போட, ஜோன்ஸ் அவரை வென்றார். அந்த ஹாப்கின்ஸ் 2011-இல், 46 வயதில், மான்ட்ரியலில் ஜான் பாஸ்கலை வென்று பட்டம் எடுத்தார். அவருடையது தாடையை மறைக்கும் தோள், அளவான ஜாப், கட்டிப்பிடித்து வேகத்தைக் கொல்லும் பழக்கம். வேகம் குறைந்தாலும் இவை குறையாது. ஜோன்ஸ் கையைத் தாழ வைத்து, ஜாப் இல்லாமல் ஹூக்கில் தொடங்கி, தலையைப் பின்னால் இழுத்தே தப்பியவர். கண் பார்த்துக் கால் நகரும் நேரம் இம்மியளவு கூடினாலும் அந்தப் பாணிக்குப் பின்னால் இரண்டாவது வேலி இல்லை.

பாக்ஸ்ரெக்குக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம்: இலவசம், தேதியும் எடையும் நடுவர் கணக்கும் ஒரே இடத்தில். தரவரிசைக்காக ஒன்று குறைக்கிறேன். கம்ப்யூபாக்ஸுக்கு மூன்று, பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆட்ட முடிவின் மொத்த எண்தான். ரவுண்டு வாரியான கணக்கு கிடைத்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மொத்த எண்ணில் 4-வது ரவுண்டின் பூஜ்யம் போன்றவை கரைந்துபோகும். ஜோன்ஸின் பட்டியலில் 2005 அக்டோபர், டார்வருடன் மூன்றாவது ஆட்டத்துக்கு மேலே உள்ள வரிகளை இந்த வாதத்துக்கு எடுக்கவே வேண்டாம்.