அரை லிட்டர் கடல்நீர்: ஸ்கிரிப்ஸ் ஒப்பீட்டு நீர் குறித்து ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்திலிருந்து உலகின் பல ஆய்வகங்களுக்கு அனுப்பப்படும் ஒப்பீட்டுக் கடல்நீர், அதாவது கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சரிபார்க்க உதவும், மதிப்புகள் முன்பே தெரிந்த நீர், பார்வைக்கு மிகச் சாதாரணமான பொருள். ஐந்நூறு மில்லிலிட்டர் கொள்ளும் போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டி, கிரீஸ் தடவி இறுக்கிய கண்ணாடி அடைப்பான், தொகுதி எண் குறித்த ஒட்டுத்தாள், உள்ளே நிறமற்ற கடல்நீர், அவ்வளவுதான். நாம் காசு கொடுப்பது அந்த நீருக்கு அல்ல, அதனோடு வரும் சான்றிதழுக்கு. ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள கனிமக் கரிமம் (கார்பன் டை ஆக்சைடாகவும் அதிலிருந்து உருவாகும் அயனிகளாகவும் கரைந்திருக்கும் கார்பன்) எத்தனை மைக்ரோமோல், மொத்தக் காரத்தன்மை (அமிலத்தை நடுநிலையாக்கும் திறன்) எத்தனை மைக்ரோமோல் என்ற இரண்டு அளவுகளே அதில் முக்கியமானவை. கடல் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது என்று சொல்லும் பெரிய கணக்குகள் பலவும் இந்த இரண்டு அளவுகளின் மீதே நிற்கின்றன.

இப்படி ஒரு பொருள் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதன் தரத்தை மதிப்பிட முடியாது. கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2,000 மைக்ரோமோல் கனிமக் கரிமம் கரைந்திருக்கிறது. மனிதர்கள் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் அதில் ஆண்டுதோறும் கூடுவது சுமார் 1 மைக்ரோமோல், அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 1970-களில் பெருங்கடல்களின் நீரை ஆராய்ந்த ஜியோசெக்ஸ் திட்டத்தின் கப்பல் பயணங்கள் கடல் வேதியியலில் பெரும் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கப்பலில் எடுத்த கரிம அளவீடுகளுக்கும் கரையில் வேறு முறையில் எடுத்த அளவீடுகளுக்கும் இடையே கிலோவுக்குப் பத்து மைக்ரோமோலுக்கும் மேலான வேறுபாடு சில இடங்களில் இருந்தது. கருவியின் பிழையே பத்தாண்டுக் கால மாற்றத்தை விழுங்கிவிடும் என்றால், அந்தக் கருவியைக் கொண்டு மாற்றத்தை எப்படித் தேடுவது? உப்புத்தன்மையை அளப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வெகு காலம் முன்பே தீர்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அவர்களிடம் கோபன்ஹேகனில் தயாரித்த பொது ஒப்பீட்டு நீர் இருந்தது. கரிமத்தை அளப்பவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்க 1980-களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதைச் செய்துகாட்டியவர் ஆண்ட்ரூ டிக்சன். ஸ்கிரிப்ஸில் கடல் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றிய இவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதையும் இந்தப் புட்டியின் வழியாகவே படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடல்நீரின் காரத்தன்மை என்றால் துல்லியமாக எதைக் குறிக்கிறோம் என்பதை 1981-இல் அவர் வரையறுத்தார். எந்தெந்த வேதிப்பொருள்கள் அந்தக் கணக்கில் சேரும், எவை சேரா என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத எல்லைக்கோடு அப்போதுதான் கிடைத்தது. கடல்நீரில் போரிக் அமிலம் எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரியும் என்பதைக் காட்டும் மாறிலியை 1990-இல் அளந்து வெளியிட்டார். கடல்நீரின் பி.எச். மதிப்பை எந்த அளவுகோலில் சொல்ல வேண்டும் என்ற விவாதத்திலும் அவருடைய கைவண்ணம் அழுத்தமாகத் தெரியும். வரையறை, மாறிலி, அளவுகோல் என்று அடித்தளத்தையே கட்டிக்கொண்டிருந்தவர், அடுத்ததாக அதே அடித்தளத்தைப் புட்டியில் அடைத்து எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கியது இயல்பான தொடர்ச்சிதான். ஆனால் பல்கலைக்கழக உலகில் இத்தகைய வேலைக்குப் புகழ் குறைவு. புதிய கண்டுபிடிப்பை அறிவிப்பவரை ஊரறியும். மற்றவர்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி தன் காலத்தைச் செலவிட்டவரின் பெயரோ, பெரும்பாலும் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாக மட்டுமே நின்றுவிடுகிறது.

தயாரிப்பு முறையை அறிந்தால் இந்தப் பொருளின் மீது நம்பிக்கை கூடும். இயற்கையான கடல்நீரை வடிகட்டி, புற ஊதா ஒளியால் கிருமி நீக்கி, மிஞ்சிய உயிரிகளும் பெருகாதபடி மெர்குரிக் குளோரைடு சேர்த்து, ஒரே சீராகக் கலந்து புட்டிகளில் நிரப்புகிறார்கள். உயிரி ஒன்று உள்ளே இருந்தால்கூட அது சுவாசித்துக் கரிம அளவை மாற்றிவிடும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. பிறகு தொகுதியிலிருந்து சில புட்டிகளை எடுத்து, நீரில் அமிலம் சேர்த்து, வெளிவரும் வாயு முழுவதையும் வெற்றிடத்தில் பிரித்து, தெரிந்த கனஅளவிலும் வெப்பநிலையிலும் அதன் அழுத்தத்தை அளந்து கரிமத்தின் மதிப்பைக் கண்டறிகிறார்கள். இந்த அழுத்தமானி முறை, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளந்த சார்லஸ் டேவிட் கீலிங்கின் ஆய்வகத்திலிருந்து வந்தது. காற்றுக்கும் கடலுக்குமான கரிமக் கணக்குகள் ஒரே வளாகத்தில், ஒரே கைப்பழக்கத்தில் வேர்கொண்டிருப்பது தற்செயலாக நேர்ந்த நல்வாய்ப்பு.

பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு 1990-களின் உலகளாவிய அளவாய்வே போதுமான பதில். பல நாடுகளின் கப்பல்கள் 95 பயணங்களில் 9,618 இடங்களில் நீர் எடுத்தன. வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு கைகள். ஒப்பீட்டு நீர் நடுவில் இருந்ததால்தான் அந்த அளவீடுகளை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்க முடிந்தது. 1800 முதல் 1994 வரை மனிதர் வெளியிட்ட கார்பனில் 11,800 கோடி டன் கடலுக்குள் சென்றது, பிழை எல்லை 1,900 கோடி டன் என்று 2004-இல் வெளியான முடிவு அந்த அட்டவணையிலிருந்து வந்தது. 1994-க்கும் 2007-க்கும் இடையே மேலும் 3,400 கோடி டன் சேர்ந்ததாக 2019-இல் வந்த அடுத்த கணக்கில் பிழை எல்லை 400 கோடி டன்னாகச் சுருங்கியது. இரண்டு காலங்களின் அளவீடுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம் என்ற துணிவு இத்தகைய பொது அளவைகள் இல்லாமல் வந்திருக்காது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை பொருளில் இல்லை, அதைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. இது கருவி சரியாக இயங்குகிறதா என்று சரிபார்ப்பதற்கான நீர். பல ஆய்வகங்கள் இதையே கருவியை அளவுதிருத்தம் செய்யும் ஒற்றைப் புள்ளியாக வைத்துக்கொண்டு, வந்த எண்ணைச் சான்றிதழ் எண்ணுக்கு இழுத்துப் பொருத்திவிட்டுத் திருப்தி அடைகின்றன. கருவியின் கோடு எங்கே வளைகிறது என்பதை ஒரு புள்ளி ஒருபோதும் காட்டாது. அதிலும் சான்றளிக்கப்பட்ட மதிப்புகள் திறந்த கடலின் மேற்பரப்பு நீரை ஒட்டியவை. கரிமம் செறிந்த ஆழ்கடல் நீரையோ, காரத்தன்மை குறைந்த கழிமுக நீரையோ அளப்பவர், தன் மாதிரிகள் இருக்கும் எல்லையில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கும். டிக்சனின் ஆய்வகமே அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு இரண்டு சோதனை மாதிரிகளை அனுப்பி நடத்தி 2015-இல் வெளியிட்ட ஒப்பீடு இதை உறுதிப்படுத்தியது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த மாதிரியில்தான் முடிவுகள் அதிகம் சிதறின. நீண்ட கால மாற்றத்தைக் கண்டறியத் தேவையான, கிலோவுக்கு 2 மைக்ரோமோல் அளவிலான துல்லியத்தைத் தொட்டவர்களோ சிலரே. நல்ல நீரை வாங்குவதால் மட்டும் நல்ல அளவீடு வந்துவிடாது.

கையாளுவதிலும் சில தொல்லைகள் உண்டு. மெர்குரிக் குளோரைடு கலந்திருப்பதால் பயன்படுத்திய நீரைத் தொட்டியில் கொட்ட முடியாது, தனியே சேர்த்து நச்சுக் கழிவாகத்தான் அகற்ற வேண்டும். கண்ணாடிப் புட்டிகள் கனமானவை, உடையக்கூடியவை. தொலைவிலுள்ள நாடுகளில் போக்குவரத்துச் செலவே பெரும் சுமையாகிவிடும். அடைப்பானைத் திறந்த கணத்திலிருந்து நீருக்கும் அறைக் காற்றுக்கும் இடையே வாயுப் பரிமாற்றம் தொடங்கிவிடுவதால், மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வாரம் கரிமத்தை அளக்கலாம் என்று சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை. காரத்தன்மைக்கு இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளர்வானது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் காரத்தன்மை மாறாது, ஆவியாதலை மட்டும் தடுத்தால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முப்பது ஆண்டுகளாக இந்த நீருக்கு உலகம் ஒரே ஆய்வகத்தை நம்பி இருந்ததுதான். 2020-இல் பெருந்தொற்றால் அந்த ஆய்வகத்தின் பணி முடங்கியபோது புட்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இத்தனை நாடுகளின் கடல் கண்காணிப்புத் திட்டங்கள் ஒரு பேராசிரியரின் சிறிய குழுவை நம்பியிருக்கின்றன என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்கு அந்தக் குழுவைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். அவர்கள் முன்வந்து சுமந்த பொறுப்பை மற்ற நாடுகள் பகிர்ந்துகொள்ளாமல் விட்டதே குறை. இரண்டாவது ஆய்வகம் ஒன்று வேறொரு கண்டத்தில் இதே தரத்தில் சான்றளிக்கத் தொடங்கினால், ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும் வாய்ப்பும் கூடவே கிடைக்கும்.

கடல்நீரின் கரிமத்தை அளக்கத் தொடங்கும் எந்த ஆய்வகத்துக்கும் இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேவைப்படும் எண்ணிக்கையை ஆண்டின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுக் கேட்டுவிடுவதும், தினசரிச் சரிபார்ப்புக்கு உள்ளூர்க் கடல்நீரை வடிகட்டி மெர்குரிக் குளோரைடு சேர்த்துச் சொந்தமாக ஒரு துணை ஒப்பீட்டு நீரைத் தயாரித்து, அதை ஸ்கிரிப்ஸ் புட்டியோடு அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்வதும் நல்லது. செய்முறைகளுக்கு டிக்சன், சபைன், கிறிஸ்டியன் ஆகியோர் பதிப்பித்து 2007-இல் வெளியான வழிகாட்டி நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புட்டியை வாங்குவதற்கு முன் அதைப் படிப்பதே சரியான வரிசை.