கம்பஸ் படித்துக்கொண்டே பிகர் ஸ்கேற்றிங்: மூன்று சில்லுப் பிரேம் எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஐஸ் இருப்பது ஐஸ்கிரீம் கடையிலும் மீன் சந்தையிலும் தான். ஐஸில் சுழன்றும் பாய்ந்தும் ஓடுகிற பிகர் ஸ்கேற்றிங் பழகுகிறேன் என்றால் கம்பஸில் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு "எங்கை?" என்று கேட்கிறார்கள். சீமெந்துத் தரையில் தான். அதற்கென்றே இன்லைன் பிகர் பிரேம் என்று ஒரு சாமான் இருக்கிறது. கன நாளாக அதைப் பாவிக்கிறேன், வாங்கலாமா என்று கேட்கிற ஆட்களும் கூடிவிட்டதால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

சாமான் இதுதான்: பிகர் ஸ்கேற்றிங் சப்பாத்தின் அடியில் இருக்கிற கத்தியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் திருகாணியால் பூட்டுகிற உலோகச் சட்டம். ஒரே வரிசையில் மூன்று சில்லு, முன்னுக்கு ஒரு றப்பர் கட்டை. நடுச்சில்லு மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஐஸ் கத்தியைப் பக்கவாட்டில் பார்த்தால் அது நேர்கோடு இல்லை, 7 அல்லது 8 அடி ஆரமுள்ள ஒரு வட்டத்தில் வெட்டியெடுத்த துண்டு. அதனால் எந்த நேரமும் கத்தியின் ஒரு சிறு பகுதிதான் ஐஸைத் தொடும், அந்தப் புள்ளியில் ஆள் சுழலலாம், முன்பக்கம் போனவர் அப்படியே பின்பக்கமாகத் திரும்பலாம். இந்தப் பிரேமிலும் ஒரு நேரத்தில் இரண்டு சில்லுக்கு மேல் நிலத்தில் படாது. றப்பர் கட்டை, கத்தியின் முனையில் இருக்கிற பல்லுக்குப் பதில்.

பிள்ளைகளுக்கு என்று விற்கிற நான்கு சில்லு ஸ்கேற்றை வாங்கி இதைப் பழகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் நான்கு சில்லும் ஒரே மட்டம், நேரே ஓடத்தான் சரி. ஒரு கடையில் ஒன்லைனில் எடுப்பித்த அப்படியொரு சோடி என்னிடம் இருந்தது, பெயர் வேண்டாம், கணுக்கால் இருக்கிற இடத்தில் வெறும் பஞ்சும் பிளாஸ்ரிக்கும். முதலாவது சின்னப் பாய்ச்சலிலேயே பக்கிள் உடைந்து பறந்தது.

இப்போது போடுகிற சப்பாத்து ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகள் போட்டுவிட்டு அனுப்பியது, பிரேம் மட்டும் புதிது. நல்ல பிரேம் டொலரில் மூன்று இலக்கத்தில் தான் தொடங்கும், அதை ரூபாயாக்கினால் தலை சுற்றும். ஆனாலும் காசு குறைவென்றால் பழைய நல்ல சப்பாத்தைத் தேடுங்கள், பிரேமில் சிக்கனம் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

என்ன செய்யலாம் என்றால், நினைத்ததை விடக் கூட. உள்விளிம்பு வெளிவிளிம்பு என்று சாய்ந்து ஓடுவது, ஒரே காலில் திரும்புகிற த்ரீ ரேண், கால் மாற்றித் திரும்புகிற மோஹோக், நின்றபடி சுழல்வது எல்லாம் வருகிறது. சால்ஹோ என்கிற பாய்ச்சலும் பாயலாம். சுவீடன்காரர் உல்ரிக் சால்ஹோ 1909இல் ஐஸில் பாய்ந்ததைத்தான் நான் சீமெந்தில், ஒரேயொரு சுற்றாக, மூச்சு வாங்கிக்கொண்டு பாய்கிறேன். முன்கட்டையைக் குத்திப் பாய்கிற ரோ லூப்பும் சரிவரும், ஆனால் தரையில் தூசு இருந்தால் றப்பர் கட்டை வழுக்கும், பாய முதல் அந்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டிவிட்டுத்தான் மறுவேலை. முன்பக்கமாகப் புறப்பட்டு ஒன்றரைச் சுற்றுச் சுற்றுகிற அக்சல் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

வராதது நிற்பது. ஐஸில் கத்தியைக் குறுக்கே போட்டுச் சுரண்டி நிற்பார்கள், சில்லு அப்படிப் பக்கவாட்டில் வழுக்காது, பிடித்து ஆளைத் தூக்கி எறியும். பின்காலைக் குறுக்காக இழுத்தோ றப்பர் கட்டையை உரசியோ தான் நிற்கலாம், அதற்கு இடம் வேண்டும். ஒருமுறை தள்ளினால் ஐஸில் போகிற தூரத்தில் பாதி கூட இங்கே வராது, தொடை எரியும். சப்பாத்து அனுப்பிய ரொறன்ரோ அக்கா வட்சப்பில் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, "சாய்வு காணாது, சில்லை நம்பி நிக்கிறாய்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். உண்மைதான். ஐஸில் சாய்கிற அளவுக்கு இதில் சாய்ந்தால் சில்லு கழன்று ஓடுவது போல வழுக்கிவிடும்.

இடம் தான் பெரிய தலையிடி. சர்வதேசப் போட்டிக்கான ஐஸ் தளம் 60க்கு 30 மீற்றர். எனக்குக் கிடைத்திருப்பது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வலைப்பந்துக் கோட், அது 30.5க்கு 15.25. அதாவது நாலில் ஒரு பங்கு. வேகம் எடுத்துப் பின்பக்கம் திரும்பும் போதே கம்பம் வந்துவிடும். மதிலுக்கு அங்கால் நிற்கிற அன்ரி ஒருவர், "பிள்ளை, கால் முறிஞ்சா முறிவு நெரிவுப் பரியாரியார் கட்டுவார், பிறகு உன்னை ஆர் கட்டுறது?" என்று கேட்டுச் சிரித்தார். முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு, தலைக்குக் கெல்மெற் இல்லாமல் நான் ஏறுவதில்லை, ஐஸை விடச் சீமெந்து தோலை உரிக்கும்.

படிப்போடு முடியுமா என்றால், என்னைக் கேட்டால் ஐஸை விட இது சுகம். அக்கா அங்கே கம்பஸ் போகிற காலத்தில் ஐஸ் தளத்தில் நேரம் கிடைப்பதே விடிகாலையில் தான், இருட்டில் பஸ் ஏறிப் போய்விட்டு லெக்சரில் தூங்குவாள். எனக்குத் தளத்து நேர அட்டவணை இல்லை, கட்டணம் இல்லை. பின்னேரம் பிரக்ரிக்கல் முடிய பரமேஸ்வராச் சந்தியில் ஒரு பிளேன்ரீ, பிறகு சைக்கிளில் கோட்டுக்கு. பயிற்றுநர் இல்லாதது ஒரு குறைதான், ஆனால் அமெரிக்க ஸ்கேற்றர் நேதன் சென் 2019இல் உலகச் சம்பியன் ஆனபோது யேல் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், அவருடைய பயிற்றுநர் நாட்டின் மறு கரையில் கலிபோர்னியாவில், வீடியோ அழைப்பில் தான் பல நாள் பாடம். ஜப்பானிய ஸ்கேற்றர் யுசுரு ஹன்யூவும் வசேதா பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வியாகப் படித்துத்தான் 2020இல் பட்டம் எடுத்தார், ஆய்வே ஸ்கேற்றிங் அசைவுகளைப் பதிவு செய்வது பற்றி. அவர்களுக்கு முதலே அடிப்படை வடிவாக இருந்தது, எனக்கு இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். செமஸ்ரர் பரீட்சை கிட்டினால் நான் சப்பாத்தைத் தொடுவதே இல்லை, விட்டுவிட்டு வந்தால் சுழற்சி தான் முதலில் போய்விடும்.

பராமரிப்பு பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் செம்மண்ணும் கடற்காற்றும், சில்லைச் சுழலவைக்கிற பெயாரிங்குக்கு எமன். சில்லைக் கையால் சுழற்றும் போது கறகற என்றால் உள்ளே மண் போய்விட்டது என்று அர்த்தம். மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, பெற்றோலில் ஊறவைத்துக் குலுக்கி, காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் திரும்பச் சத்தமில்லாமல் ஓடும். பழுதானால் பயப்பட வேண்டாம், அது சாதாரண 608, உள்ளே 8, வெளியே 22 மில்லிமீற்றர், இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் பெயாரிங் கடைகளில் எடுக்கலாம். சில்லு தேயும், தேய்ந்த பக்கத்தைப் பார்த்து மாற்றிப் பூட்டுங்கள். கடினமான சில்லு சுழல நல்லது, கரடுமுரடான சீமெந்தில் பல்லுக் கிட்டும், ஆகவே கொஞ்சம் மென்மையானதையே எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கோட் சரிவராது, கூரை உள்ள தரை ஒன்றைப் பிடிக்காமல் இந்தச் செலவில் இறங்காதீர்கள். நானும் இப்போது அப்படியொரு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன், மாபிள் போட்ட கல்யாண மண்டபக்காரர் எல்லோரும் சில்லு என்ற சொல்லைக் கேட்டதுமே தலையாட்டி மறுக்கிறார்கள்.

அளவு: தெருவில் போடுகிற சப்பாத்தை விட அரை அளவாவது சின்னதாக எடுங்கள், இந்தச் சப்பாத்து காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிரேமைப் பூட்டச் சப்பாத்துத் தைக்கிற ஐயா ஒருவரையே பிடியுங்கள், தோல் அடியில் ஓட்டை கோணலாக விழுந்தால் கால் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். முதலில் இரண்டு திருகாணி மட்டும் பூட்டி ஓடிப் பார்த்து, நேராக ஓடினால் மிச்சத்தைப் பூட்டச் சொல்லுங்கள்.