ஆமை விலக்கும் கம்பிச் சட்டத்தோடு மூன்று பருவம்

கடலூர் துறைமுகத்தில் எனக்கு இறால் மடி (இழுவலை) இழுக்கும் விசைப்படகு ஒன்று இருக்கிறது. 2023 மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தபோது, மடியில் ஆமை விலக்கும் கருவியைத் தைத்துக்கொண்டேன். இப்போது மூன்றாவது பருவம் ஓடுகிறது.

கருவி என்றால் மோட்டாரோ மின்சாரமோ கிடையாது. முட்டை வடிவில் ஓர் எவர்சில்வர் சட்டம், அதற்குள் நெடுக்குக் கம்பிகள், அவ்வளவுதான். மடியின் வயிறும் வாலும் சேரும் இடத்தில் அதைச் சாய்வாகத் தைப்பார்கள். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து வாலுக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சாய்வில் வழுக்கி, மேலே வெட்டிவிட்ட வாய் வழியாக வெளியேறும். அந்த வாயை மூட ஒரு துண்டு வலை. நம் ஊர் மடிகளுக்கு ஏற்றதாக இதை வடிவமைத்தது கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம்.

“மடியில் ஓட்டை போட்டுக்கொண்டா கடலுக்குப் போவது?” என்று முதல் நாளே கேட்டார் டிரைவர் மாமா. இரண்டாவது மாதம் அவர் சொன்னது பலித்துவிட்டது. பக்கத்துப் படகுகளைவிட இறால் கண்கூடாகக் குறைந்தது. பங்குக்கு வேலை செய்யும் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அறுத்து எறிந்துவிடலாம் என்றே நினைத்தேன்.

எறிவதற்கு முன் ஒரு நாள் மடியைக் கரையில் கட்டித் தொங்கவிட்டோம். மகனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, அதில் நூல் கட்டி, தூண்டில் ஈயத்தைத் தொங்கவிட்டுச் சாய்வை அளந்தேன். 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டிய சட்டம் 20ஐத் தொட்டுப் படுத்துக் கிடந்தது. நனைந்து இழுபட்டதில் வலை நீண்டு, மேல் கயிறு தளர்ந்திருந்தது. மூடு வலையும் வாயைப் பிளந்து நின்றது. இறால் போன வழி அதுதான். கம்பியின் மேல் குற்றமில்லை. சாய்வை 45க்குக் கொண்டுவந்து, எஃகின் பாரத்துக்கு ஈடாக இரண்டு மிதவைகளைக் கூடுதலாகக் கட்டினோம். பத்து நாளுக்கு ஒருமுறை அளப்பது அன்று தொடங்கியது. பாகைமானி இன்னும் படகில்தான் இருக்கிறது. மகனுக்கு வேறு வாங்கிக் கொடுத்தாயிற்று.

நான் எதிர்பார்க்காத லாபம் சொறிமீன் (ஜெல்லிமீன்) தொல்லை குறைந்தது. அது அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் முன்பெல்லாம் மடி கனத்து, இறால் நசுங்கி, தரம் பிரிக்கும் ஆட்களின் கை முழங்கை வரை தடித்துவிடும். இப்போது பெரிய சொறி வெளியே போய்விடுகிறது. நட்டமும் உண்டு: பெரிய திருக்கை வருவதில்லை. ஒரு நல்ல திருக்கை ஆட்களின் அன்றைய கைச்செலவு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அடுத்து தென்பெண்ணை வெள்ளம். ஆறு கொண்டுவந்து தள்ளிய மரக்கட்டையும் கிழிந்த வலையும் கம்பியில் சிக்கி வாயை அடைத்துக்கொண்டன. அப்படி அடைத்த ஓர் இழுப்பில் ஆமை ஒன்று செத்தே வந்தது. அதன் பிறகு, தண்ணீர் கலங்கிய நாட்களில் மூன்று மணி நேர இழுப்பை ஒன்றரையாகக் குறைத்துக்கொண்டோம். ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டுமே.

மூச்சில்லாமல் வரும் ஆமையெல்லாம் செத்ததல்ல. கருவி மாட்டுவதற்கு முன்பு ஒன்று அப்படி வந்தது. வயிறு கீழே படக் கிடத்தி, பின்பக்கத்தை ஐஸ் பெட்டி மூடிமேல் உயர்த்தி, ஈரச் சாக்கு போர்த்தினோம். காலையில் கிடத்தியது, பிற்பகலில் கழுத்தை நீட்டிப் பெருமூச்சு விட்டது. இயந்திரத்தை ஓட்டமில்லாமல் நிறுத்தி மெதுவாக இறக்கிவிட்டோம்.

தப்பிப் போகும் ஆமை நம் கண்ணில் படாது. இத்தனை நாளில் ஒரே ஒருமுறை, மடியைத் தூக்கும்போது, மூடு வலையைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு ஒன்று நீந்திப் போனது. டிரைவர் மாமா ஒன்றும் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, பழி முழுவதும் விசைப்படகுகள் மேல் விழுந்தது. எங்கள் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேவனாம்பட்டினத்தில், தண்ணீரில் சுவர் போல நிற்கும் செவுள்வலை போடும் என் மச்சான் படகுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை; அதை மாட்ட அந்த வலையில் இடமே கிடையாது.

விலை விஷயம்தான் உறுத்துகிறது. இந்தக் கருவி இல்லாததால்தான் அமெரிக்கா 2019 முதல் இந்தியக் கடல் இறாலை வாங்குவதில்லை. நான் மாட்டியும் ஏலத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடவில்லை. எல்லாப் படகும் மாட்டினால்தான் அந்தச் சந்தை திறக்குமாம்.

கம்பி இன்னும் வளையவில்லை. மூடு வலையை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.