வாழ்த்து அட்டைத் தொழில்: காட்டுவது ஒன்று, சரக்காக வருவது ஒன்று

வாழ்த்து அட்டை போட்டு விற்கலாம் என்று இறங்குகிறவர்களில் பலர் முதல் 500 அட்டையிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். டிசைன் சரியில்லை, விற்கத் தெரியவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பல நேரம் கோளாறு அங்கே இல்லை. அச்சகம் காட்டிய மாதிரிக்கும் கட்டிப் போட்ட சரக்குக்கும் நடுவில் இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இது. மாதிரி அட்டை கெட்டியாக, மடிப்பு நறுக்கென்று இருக்கும். முன்பணம் கட்டிய பிறகு வருகிற கட்டைப் பிரித்தால், மடிப்பு நெடுக நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். கேட்டால் “டிஜிட்டல் பிரிண்ட்னா அப்படித்தான் வரும்” என்பார்கள். இதை நம்பாதீர்கள். டிஜிட்டல் மெஷினின் பொடி மையான டோனர் தாளின் மேலேயே படிவதால் மடிப்பில் வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நார் ஓட்டம் பார்த்துத் தாள் போட்டு, முறையாக க்ரீசிங் (மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது) செய்தால் பெருமளவு தடுக்கலாம். செய்யாமல் விட்டதற்குத்தான் அந்தச் சமாதானம்.

தாளின் நார் ஓடும் திசையை அச்சகத்தில் கிரெய்ன் என்பார்கள். மடிப்பு அதற்கு இணையாக வரவேண்டும். ஏ5 தாளை நடுவில் மடித்தால் ஏ6 அட்டை: விரித்த அளவு 210 × 148 மிமீ, மடிப்புக் கோடு 148 மிமீ பக்கத்துக்கு இணை. டிஜிட்டல் மெஷினில் போடும் எஸ்ஆர்ஏ3 தாள் 320 × 450 மிமீ. அதில் ப்ளீட் (வெட்டும் விளிம்புக்கு வெளியே கூடுதலாக விடும் அச்சு) சேர்த்து நான்கு அட்டை உட்கார வேண்டுமானால் 148 பக்கம் 320 பக்கத்தோடுதான் போகும். ஆகவே மடிப்பும் 320 பக்கத்துக்கு இணை. கிரெய்ன் 450 பக்கமாக ஓடும் தாளைப் போட்டுவிட்டால் நான்கு அட்டையிலும் மடிப்பு நாரைக் குறுக்கே முறிக்கிறது. கையில் இருக்கிற தாளில் ஓட்டிவிடுகிற அச்சகத்தில் நடப்பது இதுதான். வெற்றுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அப்படி வளையும்போது மடிப்பு விழக்கூடிய கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது.

க்ரீசிங்கிலும் ஒரு தவறு நடக்கிறது. அழுத்திய கோட்டின் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சிறு மேடு. மேடு மடிப்பின் உள்ளே போகவேண்டும். பார்வைக்குப் பள்ளத்துக்குள் மடிப்பதே இயல்பாகத் தோன்றும், ஆட்களும் அப்படியே மடித்துவிடுவார்கள். அட்டை வெளிப்புறத்தில் இழுபட்டு வெடிக்கும்.

அடுத்தது கனம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) என்று பேசி 250 போடுவது கைக்கு உடனே தெரியாது. மேலே லேமினேஷன் என்ற பிளாஸ்டிக் பிலிம் ஏறியிருந்தால் இன்னும் தெரியாது. தராசுக்குத் தெரியும். ஏ5 தாளின் பரப்பு 0.031 சதுர மீட்டர். லேமினேஷன் இல்லாத 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று சுமார் 9.3 கிராம், 250 என்றால் 7.8 கிராம். நூறு அட்டையை நிறுத்தால் ஒன்று 930 கிராமை ஒட்டி நிற்கும், மற்றது 780. சமையலறைத் தராசே போதும். தாள் மில்லிலேயே சில சதவீதம் முன்பின் இருக்கும், அதை விட்டுவிடலாம். 150 கிராம் குறைந்தால் வேறு தாள் போட்டிருக்கிறார்கள்.

உள்பக்கத்தில் எழுத முடிகிறதா என்று பார்க்காமல் ஆர்டர் கொடுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் வழவழப்பான கோட்டிங் உள்ள ஆர்ட் கார்டு என்ற அட்டையில் ஜெல் பேனா மை ஊறாது, விரல் பட்டால் இழுகும். வாழ்த்து எழுத முடியாத வாழ்த்து அட்டையை யார் வாங்குவார்? ஒரு பக்கம் மட்டும் கோட்டிங் உள்ள போர்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் ஈரக் காற்றில் அட்டை சுருளும் என்பதும் நினைவிருக்கட்டும்: பிலிம் உள்ள பக்கம் ஈரம் குடிக்காது, மறுபக்கம் குடித்து விரியும்.

கவர் வாங்கும்போது “ஏ6 கவர்” என்ற பேச்சை ஏற்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். ஏ6 அட்டைக்கு வேண்டியது 114 × 162 மிமீ அளவுள்ள சி6. பழைய சரக்காக இருந்தால் ஈரத்தில் பசை தானாக ஒட்டியிருக்கும். கட்டின் மேலே உள்ளதைப் பார்த்தால் போதாது, நடுவிலிருந்து உருவிப் பாருங்கள்.

நிறத்துக்குத் திரையில் காட்டும் பிடிஎஃப் ப்ரூஃப் (ஒப்புதல் மாதிரி) ஆகாது. அதே மெஷினில், அதே தாளில் அச்சிட்டு, மடித்த ஒரு அட்டைதான் ப்ரூஃப். டிஜிட்டலில் மாதிரி காட்டி, தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட்டில் ஓட்டினால் நிறம் மாறும். அந்த மாதிரியில் தேதியும், உங்கள் கையெழுத்தும் அச்சகத்தார் கையெழுத்தும் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் 10 சதவீதம் கூடக் குறைய வருவது அச்சுத் தொழிலில் பழைய வழக்கம். 450 கொடுத்துவிட்டு 500க்குப் பில் போடுவது வழக்கம் அல்ல.

ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: “விரித்த அளவு 210 × 148, மடித்தது 105 × 148 மிமீ. 300 ஜிஎஸ்எம், ஒரு பக்கக் கோட்டிங். கிரெய்ன் மடிப்புக்கு இணை. க்ரீசிங் செய்து தரவேண்டும். ப்ளீட் 3 மிமீ. வந்த எண்ணிக்கைக்கே பில்.” இதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற அச்சகத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

அச்சகத்துக்கு வெளியேயும் இரண்டு பொறி உண்டு. “கிட் (அட்டை செய்யும் பொருள்கள் அடங்கிய பெட்டி) வாங்குங்கள், நீங்கள் செய்யும் அட்டையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்பவர்களின் வியாபாரம் கிட் விற்பதோடு முடிகிறது. செய்து கொண்டுபோனால் “தரம் போதாது” என்று தள்ளுவார்கள். கிட் பணத்தை முதல் தவணைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். மற்றது படங்கள். “கமர்ஷியல் லைசென்ஸ்” என்று போட்டு விற்கும் படம் விற்பவருடையதாகவே இல்லாமல் இருக்கலாம். அவருடையதாகவே இருந்தாலும் எத்தனை பிரதி அச்சிடலாம் என்ற வரம்பு உள்ளே இருக்கலாம். வழக்கு வந்தால் அட்டையை விற்ற உங்கள் மேலும் வரலாம். படத்தை இணையத்தில் தேடிப் பார்த்து, லைசென்ஸ் வாசகத்தை வாங்கிய தேதியோடு சேமித்துவிடுங்கள்.

சரக்கு வந்த அன்றே கட்டின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்து மடித்து, எழுதி, நிறுத்துப் பாருங்கள். குறை இருந்தால் படம் எடுத்து அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள், மீதிப் பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள். ஒரு கட்டை உடைத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டால் சரக்கை ஒப்புக்கொண்டாயிற்று என்று சொல்லிவிடுவார்கள்.