பள்ளி கம்ப்யூட்டர் லேபில் லினக்ஸ்: நான்கு கல்வியாண்டு ஓடிய பிறகு

ஆசிரியர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர், மாணவர்களுக்கு இருபது. எல்லாமே இன்டெல் ஐ3, இரண்டாம் மூன்றாம் தலைமுறை. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி லேப்களில் இன்னும் பார்க்கக் கிடைக்கிற ரகம்தான். இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2022-23 கல்வியாண்டில் இருபத்தொன்றிலும் லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு, ஏற்றப்பட்டது. பிளஸ் ஒன் சி++, பிளஸ் டூ பைத்தான், கணினிப் பயன்பாடுகள் பிரிவுக்கு பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும், கீழ் வகுப்புகளுக்கு லிப்ரே ஆபீஸ். நான்காவது ஆண்டாக அதே அமைப்பு ஓடுகிறது. எது தாக்குப்பிடித்தது, எது சொதப்பியது என்று பார்ப்போம்.

ஏன் உபுண்டு இல்லாமல் மின்ட்? இன்னொரு லினக்ஸான உபுண்டு 22.04 மேல்தான் அதுவும் நிற்கிறது. 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. ஆனால் உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது முதல்முறை திறப்பதற்குள் வகுப்பில் சலசலப்பு தொடங்கிவிடும். மாணவர் கணக்கைத் தினமும் பழைய நிலைக்குத் திருப்பினால் தினமும் அது 'முதல்முறை'தான். மின்டில் சாதாரண டெப் பொதியாகவே வருகிறது. இன்னொரு காரணம், எக்ஸ்எஃப்சிஇ இன்னும் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடுகிறது. அதன் அருமை எபாப்டீஸ் என்ற லேப் கண்காணிப்பு மென்பொருள் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ராமுக்கு முன் எஸ்எஸ்டி. 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். மாணவர் லேபுக்கு அதற்குமேல் இடம் தேவைப்படுவதில்லை. 4 ஜிபி ராமோடு எஸ்எஸ்டி இருக்கும் இயந்திரம், 8 ஜிபி ராமோடு பழைய டிஸ்க் இருப்பதைவிட வகுப்பில் நன்றாக ஓடும். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறக்கும் பழக்கம் வந்த பிறகு ராமைக் கூட்டலாம். அந்த போர்டுகளுக்கு டிடிஆர்3 வேண்டும். கடையில் டிடிஆர்4 என்று கொடுத்துவிடுவார்கள், பள்ளமே பொருந்தாது.

இருபது இயந்திரத்திலும் ஒவ்வொன்றாக நிறுவ வேண்டாம். ஒன்றில் எல்லாவற்றையும் முடித்து, டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்சில்லாவில் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்து, மல்ட்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அனுப்புவதே வழி. சுருக்கப்பட்ட இமேஜ் 7 ஜிபி என்று வையுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு இயந்திரத்துக்குப் பத்து நிமிடம். தனித்தனியாக அனுப்பினால் இருபதுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். மல்ட்டிகாஸ்டில் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றாக முடியும். ஆனால் கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருக்கும். ஜிகாபிட் ஓட கேபிளின் எட்டுக் கம்பியும் சரியாக கிரிம்ப் ஆகியிருக்க வேண்டும். நான்கு மட்டும் பிடித்திருந்தால் சத்தமே இல்லாமல் 100-க்கு இறங்கி, மற்ற பத்தொன்பதையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அனுப்பும் முன் ஒவ்வொன்றிலும் நெட்வொர்க் வேகம் காட்டும் இத்டூல் கட்டளை கொடுத்து ஸ்பீடு வரியில் 1000 வருகிறதா என்று பாருங்கள். லேபுக்கு வரும் இன்டர்நெட் ரூட்டரின் கேபிளையும் அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் ரூட்டரும் குளோன்சில்லா சர்வரும் போட்டி போட்டு ஐபி கொடுக்கும், பாதி இயந்திரங்கள் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி பூட்) திரையிலேயே நிற்கும்.

மாதிரி இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது லேபிலேயே சிறிய டிஸ்க் உள்ளதை எடுங்கள். பெரிய டிஸ்க்கில் எடுத்த இமேஜ் சிறியதில் இறங்காது. அட்டையில் 120 என்றும் 128 என்றும் போட்டிருக்கும் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே போதும், வேலை கெட்டுவிடும். பயாஸின் பூட் முறை எல்லாவற்றிலும் ஒன்று புதிய யுஇஎஃப்ஐ, இல்லை பழைய லெகசி என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். கலந்து கிடந்தால் ஒரே இமேஜை இறக்கியும் சில பூட் ஆகாது.

இமேஜ் இறங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் முதல் வருடத் தொல்லைகள் பாதி தொடங்கின. இருபதுக்கும் ஒரே பெயர், ஒரே மெஷின் ஐடி (இயந்திரத்தின் அடையாள எண்), தொலைவிலிருந்து நுழைவதற்கான ஒரே எஸ்எஸ்எச் சாவி. நெட்வொர்க்கை எந்தச் சேவை கவனிக்கிறது என்பதைப் பொறுத்து, மெஷின் ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டு இயந்திரத்துக்கு ஒரே ஐபி கிடைக்கலாம். இமேஜ் எடுப்பதற்குச் சற்று முன் ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கிவிட வேண்டும். அழிக்கக் கூடாது, கோப்பு இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அடுத்த பூட்டில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஐடி உருவாக்கிக்கொள்ளும். பெயரை மாற்றும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரியையும் சேர்த்து மாற்றுங்கள். விட்டால் நிர்வாகி உரிமையில் ஓட்டும் ஒவ்வொரு சூடோ கட்டளைக்கும் ஹோஸ்ட் பெயர் தெரியவில்லை என்று முனகும். மாதிரி இயந்திரத்தில் குரோமியம் பிரவுசரை ஒருமுறை திறந்து பார்த்து, புரொஃபைல் அடைவை அப்படியே விட்டு இமேஜ் எடுத்தால் இன்னொரு சிக்கல். அதிலுள்ள பூட்டுக் கோப்பில் பழைய இயந்திரத்தின் பெயர் இருக்கும். புதிய பெயரில் திறக்கும்போது இந்த புரொஃபைலை வேறொரு கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இந்த நான்கு வருடத்தில் அதிகம் உழைத்ததும் அதிகம் பலன் தந்ததும் மாணவர் கணக்கைத் தினமும் பழையபடி ஆக்கும் ஏற்பாடு. பேனலைத் தூக்கி நடுவில் வைப்பது, டெஸ்க்டாப்பில் நடிகர் படம், தமிழ் விசைப்பலகையையே நீக்கிவிடுவது: எதையும் தடுக்க முயலாமல், காலையில் பூட் ஆகும்போது தானே சரியாகிவிடும்படி வைப்பதே நிம்மதி. மின்டில் விருந்தினர் அமர்வு உண்டு. ஆனால் லாக்அவுட் ஆனதும் மாணவன் எழுதிய புரோகிராமும் போய்விடும். அதனால் /opt அடைவில் ஒரு மாதிரி ஹோம் (மாணவர் கணக்கின் அடைவு), பூட்டில் ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் ஒன்று, அதற்குள் அடைவுகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒரே வரி. உரிமையாளர், அனுமதி மாறாமல் நகலெடுக்க 'ஏ' ஆப்ஷன், கூடுதலாகக் கிடப்பதை அழிக்க 'டெலீட்' ஆப்ஷன், 'வேலை' என்ற அடைவை மட்டும் தொடாதே என்பதற்கு 'எக்ஸ்க்ளூட்'. விலக்கிவைத்த அடைவை டெலீட்டும் தொடாது. பிள்ளைகளின் புரோகிராம்கள் அங்கே பத்திரம்.

இந்த ஒரு வரியில் இரண்டு இடம் வழுக்கும். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஆர்சிங்க் உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் அந்த அடைவையே தூக்கி மாணவர் ஹோமுக்குள் வைக்கும். எதுவும் பழைய நிலைக்குத் திரும்பாது, பிழைச் செய்தியும் வராது, 'மாதிரி' என்று ஒரு அடைவு மட்டும் புதிதாகத் தெரியும். இரண்டாவது, மாதிரி அடைவின் உரிமையாளர் மாணவர் கணக்காக இருக்க வேண்டும். ரூட் (நிர்வாகி) பெயரில் கிடந்தால் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திரை ஒரு நொடி கறுத்து மீண்டும் லாகின் பக்கமே வரும். ஹோமில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற திரை அனுமதிக் கோப்பை எழுத முடியாததுதான் காரணம். சர்வீஸை லாக்அவுட்டில் வைக்காமல் பூட்டில் வைத்ததற்கும் காரணம் உண்டு: பாதி நாள் யாரும் லாக்அவுட்டே செய்வதில்லை.

ஏனென்றால் நாலு மணிக்கு மேல் லேபின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டுவதுதான் பள்ளிகளின் வழக்கம். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு இதைப் பெரும்பாலும் தாங்கும். தாங்காத அன்று இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நின்று, டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டச் சொல்லும். பூட் மெனுவைத் தரும் க்ரப்பின் அமைப்பில் கெர்னல் வரியோடு fsck.repair=yes என்ற அளவுருவைச் சேர்த்துவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும். முந்தைய பூட் ஒழுங்காக முடியவில்லை என்றால் க்ரப் மெனு 30 விநாடி காத்திருப்பதும் வழக்கம்; ரெக்கார்ட்ஃபெயில் டைம்அவுட்டை 2 ஆக்கினால் முதல் பீரியடில் அந்த அரை நிமிடம் மிச்சம். மின்சாரம் புதுப்பிப்பின் நடுவே போனால்தான் உண்மையான தலைவலி. பொதிகளை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றுவிடும், அதன்பின் எதுவும் நிறுவ முடியாது. டிபிகேஜியை 'கான்ஃபிகர் ஏ' ஆப்ஷனோடு ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இதற்காகவே தானியங்கிப் புதுப்பிப்பை இருபதிலும் அணைத்துவைப்பது நல்லது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் முன்னிலையில், எல்லாவற்றுக்கும் ஒன்றாக. ஜனவரி பிறந்தால் பொதுத்தேர்வு ப்ராக்டிக்கல் முடியும்வரை அதுவும் வேண்டாம்.

புதுப்பிப்புக்கு, இறக்கிய பொதிகளைச் சேமித்து மற்றவற்றுக்குத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி ஆசிரியர் இயந்திரத்தில் இருக்கட்டும். ஒரு இயந்திரத்துக்கு 300 எம்பி என்றால் இருபதுக்கு 6 ஜிபி. இது இருந்தால் 300 எம்பி ஒருமுறைதான் வெளியிலிருந்து வரும், மற்றதெல்லாம் 3142 போர்ட் வழியாக உள்ளுக்குள்ளேயே. ஆசிரியர் இயந்திரம் அணைந்திருந்தால் மற்றவற்றில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பலர் இன்டர்நெட் போய்விட்டது என்று நினைத்து ரூட்டரைப் போட்டுத் தட்டுவார்கள்.

அதே இயந்திரத்தில் எபாப்டீஸ். இருபது திரையையும் சிறு படங்களாகப் பார்க்கலாம், பூட்டலாம், தன் திரையை எல்லாருக்கும் காட்டலாம், ஒரே கட்டளையை எல்லாவற்றிலும் ஓட்டலாம். லேபுக்கு ஒரே ஒரு மென்பொருள் என்றால் இதைத்தான் சொல்வேன். மாணவர் இயந்திரங்களில் எபாப்டீஸ்-கிளையண்ட் பொதியைப் போட்டு, அதன் அமைப்புக் கோப்பில் சர்வர் ஐபியை எழுதி, 'சி' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் சான்றிதழ் வந்துசேரும். ஆசிரியர் கணக்கை எபாப்டீஸ் குழுவில் சேர்க்க மறக்கக் கூடாது. ஆசிரியர் இயந்திரத்தை மறுபடி ஃபார்மேட் செய்தால் சான்றிதழும் மாறிவிடும். இருபதிலும் அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டும்வரை திரை ஒன்றுகூடத் தெரியாது. எக்ஸ்11-க்கு மாற்றான வேலாண்டில் திரை பார்ப்பதும் பூட்டுவதும் ஒழுங்காக நடக்காது, எக்ஸ்11 வேண்டும். உபுண்டுவே வேண்டும் என்பவர்கள் ஜிடிஎம் (லாகின் திரை) அமைப்பில் வேலாண்டை அணைத்துவிடுங்கள்.

பயாஸ் பேட்டரி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிஆர்2032 செத்த இயந்திரத்தில் தேதி பின்னால் போய்விடும். எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும், ஆப்ட்டும் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். சின்ன பேட்டரிதான், இருபதுக்கும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். கூடவே ஆசிரியர் இயந்திரத்தில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியை வைத்து, இன்டர்நெட் இல்லாத நாளிலும் உள்ளூர் நெட்வொர்க்குக்கு நேரம் கொடுக்கும்படி செய்துவிட்டால் அடுத்த பேட்டரி சாகும்போது யாருக்கும் தெரியவே தெரியாது.

பாடத்தோடு உரசும் இடங்கள் சில. பிளஸ் ஒன் பாடநூல் காட்டும் டெவ் சி++ விண்டோஸுக்கானது. இங்கே ஜீனி எடிட்டர் போதும், எஃப்9-இல் பில்ட், எஃப்5-இல் ரன். ஆசிரியர்கள் கையில் இருக்கும் பழைய டர்போ சி++ காலத்துப் புரோகிராம்கள்தான் சண்டை போடும்: வாய்ட் மெயினை லினக்ஸின் ஜி++ கம்பைலர் ஏற்காது, கோனியோ ஹெட்டரும் க்ளியர் ஸ்க்ரீனும் இங்கே கிடையாது. பைத்தானில் சி++ புரோகிராமை இயக்கும் பிளஸ் டூ பாடம் .exe கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. லினக்ஸில் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும். வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பை, பைத்தானின் பிப் வழியாகப் போடாமல் ஆப்ட் வழியாகவே போடுங்கள். மின்ட் 22-இல் பிப் எப்படியும் நிறுவ மறுத்துவிடும். பிஎச்பிக்கு அபாச்சி வெப் சர்வரின் யூசர்டிர் வசதி நல்லது, மாணவர் கோப்பு மாணவர் ஹோமிலேயே இருக்கும். ஆனால் உபுண்டு 21.04 முதல் ஹோம் அடைவை மற்றவர் எட்டிப்பார்க்க முடியாது, அதனால் அனுமதி இல்லை என்ற 403 பிழை வரும். யூசர்டிருக்குள் பிஎச்பியும் இயல்பாக அணைந்தே இருக்கும். இரண்டையும் திறந்துவிட வேண்டும். பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு) பாடத்துக்கு மட்டும் இங்கே நேர் மாற்று இல்லை. அதே வகை மென்பொருளான ஸ்க்ரைபஸில் கருத்தைச் சொல்லித்தரலாம், மெனுப் பெயர்கள் மாறும். அதற்காக விண்டோஸ் உள்ள ஒன்றிரண்டு இயந்திரம் ஓரமாக இருக்கட்டும்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதற்கான எம்17என் பொதியும். தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் வந்துவிடும். லிப்ரே ஆபீஸில் தமிழுக்கு எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்திலிருந்து தனியாகச் சேமிக்கப்படுகின்றன. ஸ்டைலில் மேற்கத்திய எழுத்து அளவை 14 ஆக்கிவிட்டுத் தமிழ் அப்படியே 12-இல் இருக்கிறதே என்று திகைக்காதீர்கள், தமிழ் போன்ற மொழிகளுக்கான சிடிஎல் பகுதியிலும் மாற்ற வேண்டும். பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவைத் தேடி ஓடாமல் யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிடுவது ஒருமுறை வலி, அதோடு தீர்ந்தது.

க்ரப் மெனுவில் ரெக்கவரி மோடைப் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பாஸ்வேர்டு கேட்காமல் ரூட் கிடைக்கும் வழி அது. க்ரப்புக்குப் பாஸ்வேர்டு வைக்கும்போது வழக்கமான பூட் வரிக்கு அன்ரெஸ்ட்ரிக்டட் சேர்க்காவிட்டால் தினமும் காலையில் ஆசிரியர் இருபது இயந்திரத்துக்கும் போய் அடிக்க வேண்டியிருக்கும்.

மின்ட் 21-இன் ஆயுள் 2027 ஏப்ரல் வரை. மேம்படுத்தலைக் கல்வியாண்டின் நடுவில் தொட வேண்டாம். 2026 மே விடுமுறையில் மின்ட் 22-ஐ ஒரே ஒரு இயந்திரத்தில் புதிதாக ஏற்றி, பாடநூலின் செய்முறைகளை வரிசையாக அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இமேஜ். பழைய இமேஜை வெளி டிஸ்க்கில் தேதி எழுதி பீரோவில் வையுங்கள்.